செராமிக் சப்போர்ட் டிசைன்: கேட்டலிஸ்ட் சந்தேகங்களுக்குக் கேள்வி பதில்

கேள்வி: சார், ரியாக்ஷனை வேகப்படுத்துற கேட்டலிஸ்ட் மெட்டலைத் தாங்குற சப்போர்ட்டுக்கு அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) எடுத்தா, அதோட காமா வடிவத்துல கிராமுக்கு 200 சதுர மீட்டர் வரைக்கும் சர்ஃபேஸ் ஏரியா கிடைக்குது. அப்புறம் ஏன் சில பேர் ஆல்ஃபா அலுமினாவையே புடிச்சுட்டு தொங்குறாங்க?

பதில்: ஏரியா மட்டும் பாத்து சப்போர்ட் வாங்குனா இப்படித்தான் குழம்பும். எதிலீன் ஆக்சைடு தயாரிக்கிற சில்வர் கேட்டலிஸ்ட்டை எடுத்துக்கோங்க, அதோட ஆல்ஃபா அலுமினா சப்போர்ட் கிராமுக்கு சுமார் 1 சதுர மீட்டர்தான், வேணும்னேதான் அவ்ளோ கம்மியா வெக்கிறாங்க. காமாவோட மேற்பரப்புல இருக்குற ஆசிட் சைட்ஸ் (அமிலத்தன்மை உள்ள இடங்கள்) எதிலீன் ஆக்சைடை அசிட்டால்டிஹைடா மாத்திடும், அது அப்படியே எரிஞ்சு கார்பன் டை ஆக்சைடா போயிடும். குறுகலான நுண்துளைல ப்ராடக்ட் மாட்டிக்கிட்டு வெளிய வர லேட் ஆனா இன்னும் மோசம். உங்க ப்ராடக்ட் மேல மேல ரியாக்ட் ஆகுற டைப்பான்னு மொதல்ல பாருங்க, ஏரியா எல்லாம் அப்புறம்.

கேள்வி: கார்டியரைட் செராமிக்ல செஞ்ச ஹனிகோம்ப் (தேன்கூடு மாதிரி நேர் சேனல்கள் உள்ள கட்டி) மேல அலுமினா வாஷ்கோட் (மெல்லிய பூச்சு) போட்டேன், ஃபர்னஸ்ல இருந்து எடுத்தா உரிஞ்சு வருது அண்ணா.

பதில்: ஒரே டிப்ல தடியா ஏத்திருப்பீங்கன்னு நெனைக்கிறேன். கார்டியரைட் சூட்டுல விரியவே விரியாதுன்னு சொல்லலாம், அலுமினா அதைவிட பல மடங்கு விரியும், லேயர் தடிமனானா இந்த இழுபறி தாங்காம பிச்சுக்கும். அதுக்கு முன்னாடியே, வேகமா காய வெச்சா சேறு வெடிக்கிற மாதிரி பாளம் பாளமா வெடிச்சிருக்கும். ஸ்லர்ரிய (பூச்சுக் கரைசலை) பால் மில்ல (உருண்டைகளை உருட்டி அரைக்கிற மெஷின்ல) போட்டு துகள் 10 மைக்ரானுக்கு கீழ வர்ற வரைக்கும் அரைங்க, ஒட்ட வைக்கிற பைண்டரா கொஞ்சம் போமைட் (ஒரு அலுமினியம் ஆக்சைடு ஹைட்ராக்சைடு) சேருங்க, முக்கி எடுத்ததும் காத்தடிச்சு மிச்சத்தை வெளிய தள்ளிட்டு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிச்சுப் பாருங்க, அடைச்ச சேனல் கண்ணுலயே தெரியும். மெதுவா காய வெச்சு, சுட்டு, அப்புறம் அடுத்த கோட். கடைசியா அல்ட்ராசானிக் பாத்ல போட்டு முன்ன பின்ன எடை பாருங்க, எவ்ளோ உதிருதுன்னு தெரிஞ்சிடும்.

கேள்வி: 1100 டிகிரி கிட்ட போனா காமா செத்துப் போகுதே?

பதில்: ஆமா, டெல்டா, தீட்டான்னு மாறி கடைசில ஆல்ஃபா ஆயிடும், ஏரியா ஒத்தை இலக்கத்துக்கு இறங்கிடும், உள்ள இருக்குற மெட்டலும் புதைஞ்சு போயிடும். கொஞ்சம் லாந்தனம் சேத்தா இந்த மாற்றம் தள்ளிப் போகும், ஆனா ஒரேயடியா நிக்காது.

கேள்வி: அலுமினால நல்லா ஒட்டுன க்ளோரோபிளாட்டினிக் ஆசிட் (பிளாட்டினம் ஏத்துறதுக்கு எடுக்குற கரைசல்) சிலிக்கால ஒட்டவே மாட்டேங்குதே, ஏன்?

பதில்: சார்ஜ் பிரச்சனை. அலுமினாவோட சார்ஜ் ஸீரோ ஆகுற பிஹெச் சுமார் 8, சிலிக்காவுக்கு 2 கிட்ட. கரைசலோட பிஹெச் அதுக்குக் கீழ இருந்தா சர்ஃபேஸ் பாசிட்டிவ், மேல போனா நெகட்டிவ். நெகட்டிவான குளோரோபிளாட்டினேட் அலுமினாவைத் தேடிப் போய் ஒட்டும், சிலிக்கா கிட்ட அதுக்கு வேலை இல்ல. சிலிக்காவுக்கு டெட்ராஅம்மீன் பிளாட்டினம் மாதிரி பாசிட்டிவ் உப்பை எடுத்துக்கிட்டு பிஹெச்சை ஏத்துங்க.

கேள்வி: ஸ்டீம் ரிஃபார்மிங் (நீராவியோட மீத்தேன் மாதிரி கேஸைச் சேத்து ஹைட்ரஜன் எடுக்குறது) நிக்கல் கேட்டலிஸ்ட் பெல்லட்ல ஏன் அத்தனை ஓட்டை போடுறாங்க ப்ரோ?

பதில்: ரியாக்ஷன் செம வேகம், கேஸ் உள்ள நுழையுறதுக்குள்ள வெளித்தோல்லயே முடிஞ்சிடும், உள்ள இருக்குற நிக்கல் பெரும்பாலும் சும்மா கிடக்கும். பெல்லட்டைப் பொடிசாக்குனா ப்ரெஷர் டிராப் எகிறும். அதான் வெளி அளவைக் குறைக்காம ஓட்டை போட்டு வெளித்தோலைக் கூட்டுறாங்க. ஓட்டை கூடக் கூட நசுங்குற பயமும் கூடும், அதனால க்ரஷ் டெஸ்ட் பண்ணாம ரியாக்டர்ல கொட்டாதீங்க.

கேள்வி: 3டி பிரிண்ட் பண்ண கைராய்டு (உள்ள பாதைகள் வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு சேர்ற வடிவம்) சப்போர்ட் ஹனிகோம்பை ஓரங்கட்டிடுமா?

பதில்: எல்லா இடத்துலயும் இல்ல. ஹனிகோம்ப்ல ஒவ்வொரு சேனலும் தனித்தனி, ஒண்ணுல போற கேஸ் பக்கத்துல கலக்காது. கைராய்டுல கலந்துக்கிட்டே போகும், அதனால சூட்டை ரியாக்டர் சுவருக்குக் கொண்டு போக வேண்டிய ரியாக்ஷனுக்கு அது நல்லா உதவும். சின்டரிங்ல (சுட்டு இறுக வைக்கும்போது) சுருங்குறதை டிசைன்லயே கணக்குப் பண்ணிடணும். சூடு பெருசா வராத ரியாக்ஷனா இருந்தா ஹனிகோம்பே போதும், வீணா மெனக்கெடாதீங்க. உங்களோடது எந்த ரியாக்ஷன்னு சொன்னீங்கன்னா சேனல் சைஸ் பத்தி பேசலாம்.