ஆய்வுக்கட்டுரைகளின் பூட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஆய்வு மாணவன். எந்தக் கட்டுரையைத் தொட்டாலும் பணம் கட்டச் சொல்கிறது இணையதளம். எங்கள் நூலகத்தில் அந்த இதழ்களுக்குச் சந்தா இல்லை. வேறு வழியில்லாமல், பூட்டிய கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தில் இறக்கிப் படிக்கிறேன். என் நெறியாளர் இதைத் திருட்டு என்கிறார். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வைப் பதிப்பகங்கள் அடைத்து வைப்பதுதான் திருட்டு என்பது என் கட்சி. நான் ஆரன் ஸ்வார்ட்ஸின் வழியில் நடப்பவன். நான் செய்வது தவறா?

இதுவரை என் கட்டுரைகள் இரண்டு வெளிவந்துள்ளன. தலைப்புகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். இப்போது ஓர் இதழ், பணம் கட்டினால் பத்தே நாளில் வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. கட்டலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நெறியாளரோடு இந்த வயதில் எனக்குச் சண்டை வேண்டாம். சட்டப்படி அது பதிப்புரிமை மீறல், பல நாட்டு நீதிமன்றங்கள் அப்படித்தான் சொல்லியிருக்கின்றன. நியாயம் என்ன என்பது, கட்டுரை கிடைக்காமல் ஓர் இரவாவது தவித்த எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது ஸ்வார்ட்ஸின் பெயரைப் பார்த்தபோதுதான். ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தரவகத்திலிருந்து லட்சக்கணக்கான கட்டுரைகளை இறக்கியதற்காக வழக்கில் சிக்கி, விசாரணை தொடங்கும் முன்பே, 2013இல் 26 வயதில் உயிரை விட்ட பையன் அவன். உங்கள் தேவைக்கு நாலு பிடிஎஃப் இறக்கிவிட்டு அவன் பெயரைச் சொல்லாதீர்கள். நீங்கள் கொடுத்த தலைப்புகளைத் தேடிப் பார்த்தேன். இரண்டும் அதே பூட்டுக்குள்தான் கிடக்கின்றன. உங்களைப் போல இன்னொரு மாணவன் அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்பான்.

நான் படித்த காலத்தில் ஒரு கட்டுரை வேண்டுமென்றால் எழுதியவருக்கே அஞ்சலட்டை போடுவோம். ஆசிரியர்களுக்கு அவர்கள் கட்டுரையை மட்டும் தனியாக அச்சிட்டு இதழ்கள் கொடுக்கும், ரீப்ரிண்ட் என்போம். கேட்டவருக்கெல்லாம் அனுப்புவார்கள். ஒருமுறை முகம் தெரியாத பேராசிரியர் ஒருவரிடமிருந்து தடித்த உறை வந்தது. கேட்டது ஒன்று, உள்ளே மூன்று. ஒரு சமன்பாட்டில் கூட்டல் குறியைப் பென்சிலால் அடித்துக் கழித்தலாக்கி, ஓரத்தில் அச்சுப்பிழை என்று குறித்திருந்தார். தபால்தலைக்குத் தன் கையிலிருந்து செலவழித்தார்கள் அந்த மனிதர்கள். நமக்கு அந்தச் செலவும் இல்லை, ஆனால் செய்யமாட்டோம்.

கட்டுரை ஏற்கப்பட்டதும் உங்கள் திரையில் ஒரு படிவம் வந்திருக்கும். பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று. கீழே ஒரு சின்னக் கட்டம். படிக்காமல் டிக் அடித்திருப்பீர்கள். ஆசிரியர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமைகள் என்ன என்றும் அதில் ஒரு பத்தி பெரும்பாலும் இருக்கும். இதழ் கட்டுரையைப் படிக்கக் கொடுத்த மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்து கடைசியாக நீங்கள் அனுப்பிய கோப்பு இருக்கிறதே, பதிப்பகம் பக்கம் அமைத்துத் தன் சின்னத்தைப் போடுவதற்கு முந்தையது, அதை உங்கள் நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் எல்லோரும் படிக்கும்படி வைக்கப் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் அனுமதிக்கின்றன. சில உடனே, சில 12 மாதமோ 24 மாதமோ கழித்து. முன்பு ஷெர்பா ரோமியோ என்றிருந்த, இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் எனப்படும் தளத்தில் இதழின் பெயரைத் தட்டினால் அதன் விதி வந்துவிடும். காசும் வேண்டாம், திருடவும் வேண்டாம். அந்தக் கோப்பு உங்கள் கணினியில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘உண்மையான ஃபைனல்’ என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். முதலில் தேடி எடுங்கள்.

கட்டுரையை இதழில் வருமுன்பே எல்லோரும் இலவசமாகப் படிக்கப் போட்டுவைக்கும் ஆர்க்கைவ் தளத்தை இயற்பியல்காரர்கள் 1991இலேயே தொடங்கிவிட்டார்கள். கணிதத்தின் பழைய புதிரான பாயின்கரே ஊகத்துக்கான நிரூபணத்தை ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் 2002லும் 2003லும் அங்கேதான் போட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. (2006இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை வேண்டாமென்றது வேறு கதை.) நாம் பெரல்மான் இல்லை, வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இதழின் பெயர் வேண்டும். சரி, இதழிலும் போடுங்கள், கைப்பிரதியை, அதாவது அந்தக் கடைசிக் கோப்பையும் வெளியே வையுங்கள். ஒன்று மற்றதைத் தடுக்கவில்லையே!

எழுதுவதும் நாம், சம்பளமில்லாமல் மதிப்பிடுவதும் நாம். 2012இல் கணிதவியலாளர் டிமத்தி கவர்ஸ், பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியருக்கு இனி எழுதவும் மாட்டேன் மதிப்பிடவும் மாட்டேன் என்று அறிவித்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டுச் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் பழைய கைப்பிரதிகளைத் தேடி எடுத்துப் பொதுவில் வைத்தார்கள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு ஒரு நிமிடம் போதும். பழைய கோப்பைத் தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

அப்புறம் அந்த மின்னஞ்சல். பணம் வாங்குவதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது. யாரும் இலவசமாகப் படிக்கும்படி, அதாவது திறந்த அணுகலில் வெளியிட 2021 முதல் 9,500 யூரோ என்று புகழ்பெற்ற நேச்சர் இதழே அறிவித்தது. படிப்பவனிடம் கேட்டதை இப்போது எழுதுபவனிடம் கேட்கிறார்கள், அதில் எனக்கு ஒரு மகிழ்ச்சியும் இல்லை. ஆனால் பத்து நாளில் வெளியிடுவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பவன் கட்டுரையை எந்த மதிப்பீட்டாளரிடமும் காட்டப்போவதில்லை. அழித்துவிடுங்கள்.