சின்ன மெட்ரிக் பள்ளியை நடத்துவது யார்?

காட்பாடியில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மெட்ரிக் பள்ளிக்கு முதலாளி யார், கட்டணத்தை முடிவு செய்வது யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் ஓர் அறக்கட்டளைதான் நடத்தும். தாளாளர் அதன் சார்பில் கையெழுத்துப் போடுவார். மெட்ரிக் பள்ளிகள் முன்பு பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை, 1970களில் அரசிடம் வந்தன. சமச்சீர்க் கல்வி வந்தபின் பாடத்திட்டமும் அரசுப் பள்ளியில் உள்ளதுதான்.

கட்டணத்தைத் தாளாளர் தன் விருப்பப்படி வைக்க முடியாது. 2009இல் வந்த தமிழ்நாடு பள்ளிக் கட்டணச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கும். ரசீதில் உள்ள தொகையைக் குழு நிர்ணயித்த கட்டணத்தோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், தீயணைப்பு, கட்டட உறுதி, சுகாதாரச் சான்றுகளைத் தயங்காமல் கேளுங்கள். 2004இல் கும்பகோணத்தில் கூரைப் பள்ளி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளி சின்னது என்பதற்காக இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அங்கீகார ஆணை எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் பாருங்கள்.