வாசகர் கேள்வி: வருத்தங்களின் பட்டியலைக் கேட்டதும் மறுக்கும் கிளினிக்

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. நீரிழிவு, மூன்றாம் நிலைச் சிறுநீரகப் பாதிப்பு, இருதயத்தில் ஸ்டென்ட். குடும்ப வைத்தியர் ஓய்வுபெற்றுவிட்டார். ‘புதியவர்களை எடுக்கிறோம்’ என்ற ஒரு கிளினிக், மருந்துப் பட்டியலைப் பார்த்ததும் ‘இது சிக்கலான கேஸ்’ என்று மறுத்துவிட்டது. முன்பதிவில்லாமல் போகும் வோக்-இன் கிளினிக்கையே நம்பி இருக்கலாமா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: அப்படி மறுப்பது பிழை. ஒன்ராறியோவில் வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் கல்லூரியின் (இது படிக்கும் இடமல்ல, வைத்தியர்களுக்கான கட்டுப்பாட்டு அமைப்பு) விதிப்படி, புதியவர்களை எடுக்கும் வைத்தியர் கேட்டுவந்த வரிசையில்தான் எடுக்க வேண்டும். அறிமுகச் சந்திப்பை வைத்து ஆள் பொறுக்கக் கூடாது. அதிக கவனிப்புத் தேவைப்படுபவரை முந்தி எடுக்க மட்டும் இடமுண்டு. மறுத்த திகதியையும் சொன்ன காரணத்தையும் குறித்துவைத்துக் கல்லூரியிடம் முறையிடலாம். ஆனால் முறைப்பாட்டால் வைத்தியர் கிடைக்கமாட்டார். அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) அட்டையோடு 811 சுகாதாரத் தொலைபேசி இலக்கத்தை அழைத்து, வைத்தியர் இல்லாதவர்களுக்கு வைத்தியரைத் தேடித்தரும் அரசுச் சேவையான ‘ஹெல்த் கெயார் கனெக்ட்’டில் பதியுங்கள். பழைய வைத்தியரின் பட்டியலில் அம்மாவின் பெயர் இன்னும் கிடந்தால் பதிவு தடைப்படும். நீக்கச் சொல்லிக் கேளுங்கள். உடல்நிலை பற்றிய கேள்விகளுக்கு ‘சீனி வருத்தம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சிறுநீரகம், ஸ்டென்ட், எல்லா மருந்தும் சொல்லுங்கள். முன்னுரிமை அதை வைத்துத்தான். பதிந்த பிறகு ஆஸ்பத்திரியில் படுத்தால் திரும்ப அழைத்துச் சொல்ல வேண்டும். உங்கள் பகுதிச் சமூக சுகாதார நிலையத்தையும் கேளுங்கள். அங்குள்ள நேர்ஸ் பிரக்டிஷனரும் (கூடுதல் பயிற்சி பெற்ற தாதி) மருந்து எழுதலாம், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

அதுவரை வோக்-இன் போகலாம். ஆனால் அங்கே அம்மாவின் பழைய விவரம் இருக்காது, ஆபத்தும் அதில்தான். முழங்கால் வலி என்றால் ஐபுபுரோபன் அல்லது நப்ரொக்சன் எழுதிக் கொடுக்கக்கூடும். ரமிப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்தும் சிறுநீரைக் கூட்டும் தண்ணீர்க் குளிசையும் எடுப்பவருக்கு இவை சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும். சில நாளிலேயே, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறிவிடலாம். ஆகவே ஒரே தாளில் மருந்துகள், அளவு, கடைசி இ.ஜி.எப்.ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை எண்), ஸ்டென்ட் வைத்த திகதி, ஒவ்வாமை எல்லாம் எழுதி, மேலே ‘ஐபுபுரோபன் வகை வேண்டாம்’ என்று பெரிதாகப் போடுங்கள். இ.ஜி.எப்.ஆர் 45க்குக் கீழே இறங்கினால் சீனி வருத்தத்துக்கு எடுக்கும் மெட்போமின் அளவைக் குறைக்க வேண்டி வரும். 30க்குக் கீழே என்றால் நிறுத்த வேண்டும். சத்தியோ வயிற்றோட்டமோ வந்து தண்ணீர்கூடத் தங்காத நாளில் எந்தக் குளிசையை நிறுத்திவைப்பது என்று மருந்தாளரிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். எல்லா மருந்தையும் ஒரே பார்மசியில் எடுங்கள். நாட்பட்ட நோய் மருந்துகள் பலவற்றை மருந்தாளரே புதுப்பித்துத் தரலாம்.

ஓய்வுபெற்ற வைத்தியரின் கோப்பைக் கேட்டுக் கடிதம் கொடுத்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கட்டணம் கேட்பார்கள். முழுக் கோப்பும் வேண்டாம். கடைசி இரண்டு வருட இரத்த முடிவுகள், ஸ்டென்ட் அறிக்கை, சிறுநீரக நிபுணரின் கடிதங்கள் போதும்.