பந்தும் துண்டறிக்கையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விளம்பர நிறுவனமொன்றில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். ராணுவ வாடிக்கையாளர் ஒருவருக்காக ‘உத்திசார் தகவல்தொடர்புத் திட்டமிடுநர்’ வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. சோப்பு விளம்பரத்துக்கு எழுதும் பிரீஃபை, அதாவது யாருக்கு, என்ன, எதற்காகச் சொல்கிறோம் என்ற திட்டக் குறிப்பை, கொஞ்சம் மாற்றி எழுதினால் போதும் என்கிறார் அழைத்தவர். அப்படித்தானா? முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? எதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படிவம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சோப்பு நீங்கள் எழுதிய வாசகத்தை மறுத்துப் பேசாது. ராணுவம் பேசும். அது ஓர் ஊருக்குள் எந்த நேரத்தில் நுழைகிறது, கதவைத் தட்டுகிறதா உடைக்கிறதா என்பதுதான் மக்களுக்குப் போய்ச் சேரும் முதல் செய்தி. ஆகவே நடவடிக்கைத் திட்டம் வரையப்படும் மேஜையில் முதல் நாளே உங்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். எல்லாம் முடிவான பிறகு ‘இதற்கு ஒரு செய்தி எழுதிக்கொடுங்கள்’ என்று காகிதம் வந்தால் நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை.

நோக்கத்தை எழுதுவதில்தான் விளம்பரத்துறையிலிருந்து வருபவர்கள் முதலில் சறுக்குகிறார்கள். ‘மக்களின் நம்பிக்கையை அதிகரித்தல்’ என்பது நோக்கம் ஆகாது, அதை எதை வைத்து அளப்பீர்கள்? ‘சோதனைச்சாவடிக்கு 50 மீட்டர் முன்பாக ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்துகிறார்கள்’ என்று எழுதுங்கள். யார், என்ன செய்ய வேண்டும் என்பது வினைச்சொல்லாக இருக்கட்டும். பிறகு ஏன் இப்போது நிறுத்துவதில்லை என்று விசாரியுங்கள். பலகை இரவில் தெரியவில்லையா, தெரிந்தாலும் படிக்கத் தெரியாதவர்களா, சிப்பாயின் சைகை புரியவில்லையா? முஷ்டியை உயர்த்தினால் ‘அசையாதே’ என்பது படைக்குள் புழங்கும் சைகை. எதிரே வரும் லாரி ஓட்டுநருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. இப்படித் தோண்டினால் பாதி நேரம், தேவை பிரச்சாரமே இல்லை, ஒளிரும் பலகையும் வேகத்தடையும்தான் என்று தெரியவரும். அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். நல்ல திட்டமிடுநர் தன் பட்ஜெட்டைக் குறைக்கும் பரிந்துரையையும் எழுதத் தயங்கமாட்டார்.

அளவீடு இதே இடத்தில் தொடங்குகிறது. எத்தனை துண்டறிக்கை போட்டோம் என்பது நாம் செய்த வேலையின் கணக்கு. நிறுத்தாமல் வரும் வண்டியை எச்சரிக்கச் சிப்பாய்கள் சுடும் எச்சரிக்கைச் சூடு எத்தனை முறை நடந்தது என்பது விளைவின் கணக்கு. பிரச்சாரம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே இரண்டாவதை எண்ணத் தொடங்கியிருக்க வேண்டும். பிறகு எண்ணினால் ஒப்பிட எதுவும் இருக்காது. ஆயிரம் வண்டிக்கு எத்தனை என்று விகிதமாகவும் எண்ணுங்கள். எரிபொருள் தட்டுப்பாட்டில் போக்குவரத்து பாதியானால் எச்சரிக்கைச் சூடும் தானாகவே குறையும், அதை நம் சாதனை என்று அறிக்கையில் எழுதிவிடுவோம்.

அடுத்தது முன்சோதனை, வெளியிடும் முன் உள்ளூர்க்காரர் சிலரிடம் காட்டிப் பார்ப்பது. அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2007 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணத்தில் அமெரிக்கப் படையினர் குழந்தைகளுக்காக ஹெலிகாப்டரிலிருந்து கால்பந்துகளைப் போட்டார்கள். பந்துகளில் பல நாட்டுக் கொடிகள், அவற்றில் சவுதி அரேபியாவின் கொடியும் ஒன்று. அந்தக் கொடியில் இஸ்லாமியரின் நம்பிக்கை உறுதிமொழியான கலிமா எழுதியிருக்கிறது. காலால் உதைக்கும் பொருளில் கலிமா! மக்கள் தெருவில் இறங்கினார்கள். பத்து வருடம் கழித்து, 2017 செப்டம்பரில், பர்வான் மாகாணத்தில் போட்ட துண்டறிக்கையில் ஒரு நாயின் உடம்பின் மேல் தாலிபன் கொடியை வரைந்திருந்தார்கள். அந்தக் கொடியிலும் அதே கலிமா. அமெரிக்கத் தளபதி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. உள்ளூர்க்காரர் பத்துப் பேரிடம் காட்டியிருந்தால் முதல் ஆளே சொல்லியிருப்பார். காட்டும்போது ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். ‘இது என்ன சொல்கிறது, யார் சொல்கிறார்கள், இதைக் கையில் வைத்திருந்தால் உங்களுக்கு என்ன ஆகும்’ என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மொழிபெயர்ப்பையும் மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவரச் செய்யுங்கள்.

ஒப்புதல் சங்கிலி உங்கள் பொறுமையைத் தின்னும். மொழி, சட்டம், உளவு, நடவடிக்கை, கடைசியில் தளபதி என்று ஐந்து கையெழுத்து ஆவதற்குள் எதிர்த்தரப்பின் வதந்தி ஊரைச் சுற்றி வந்திருக்கும். கையெழுத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், நடக்காது. எதிர்பார்க்கக்கூடிய சம்பவங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வாசகங்களை வைத்திருங்கள். களத்தில் இருப்பவர் தாமாகச் சொல்லலாம், மேலிடம் கேட்டுச் சொல்லலாம் என்று இரண்டாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்.

சம்பவம் நடந்த முதல் மணிநேர அறிக்கையில் என்ன தெரியும், என்ன தெரியாது, அடுத்து எப்போது சொல்வோம் என்ற மூன்றும் போதும். வீரக்கதை சேர்க்கும் ஆசை அப்போதுதான் வரும். 2004 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைவீரர் பாட் டில்மன் இறந்தபோது எதிரியின் குண்டால் இறந்தார் என்று அறிவித்து, பதக்கமும் கொடுத்தார்கள். சக வீரர்களின் குண்டு என்பது சில வாரங்கள் கழித்துத்தான் குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது. அதன்பின் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா தாக்கிய பாம்புத் தீவின் காவலர்கள் எல்லோரும் இறந்தார்கள் என்று உக்ரைன் முதலில் சொன்னது. உயிரோடு சிறைப்பட்டிருந்தது பிறகு தெரிந்தது. இரண்டாவதில் வேண்டுமென்று பொய் சொன்னதாகத் தெரியவில்லை. உறுதி செய்யாததை உறுதியாகச் சொன்னதுதான் பிழை.

எதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது என்றால், கையெழுத்திடும் முன் கேளுங்கள்: வெளியாகும் எதிலும் சொன்னவர் யார் என்பது மறைக்கப்படுமா? சொந்த நாட்டு மக்களும் இலக்கா? செய்தியாளருக்குப் பதில் சொல்லும் பிரிவும் எதிரியின் மனத்தைக் கலைக்கும் பிரிவும் ஒரே ஆளிடம் உள்ளனவா? முதலிரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் நான் விலகச் சொல்வேன். மூன்றாவதுக்கு எழுத்தில் பிரிவினை கேளுங்கள். 2004இலேயே அமெரிக்கக் கூட்டுத் தலைமைத் தளபதி இந்த இரு பிரிவுகளையும் தனித்தனியாக வைக்கச் சொல்லிக் குறிப்பு அனுப்பியிருக்கிறார். அறம் ஒரு பக்கம் இருக்கட்டும், மறைமுக வேலை பலன் தருவதே அரிது. 2022இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கிராஃபிகா என்ற சமூக ஊடக ஆய்வு நிறுவனமும் மேற்கு நாடுகளுக்கு ஆதரவான போலிக் கணக்குகளை ஆராய்ந்தபோது, ஆயிரம் பேருக்கு மேல் பின்தொடர்ந்தவை 19 சதவீதம் மட்டுமே. பதிவுகளுக்கு விழுந்த விருப்பங்களை விரல்விட்டு எண்ணலாம்.

இன்னொன்று, ஒப்பந்தத்தில் கட்டணம் எதற்கு என்று பாருங்கள். மாதம் இத்தனை பதிவு, இத்தனை காணொளி என்றிருந்தால் எண்ணிக்கையை நிரப்புவதே உங்கள் வேலையாகிவிடும். முன்சோதனைக்கும் தொடக்க அளவீட்டுக்கும் தனி வரி, தனித் தொகை கேளுங்கள். தரமாட்டோம் என்றால், சோப்புக் கம்பெனியிலேயே இருந்துவிடலாம்.