வீட்டில் எப்போதாவது எடுப்பதற்கு, விலை குறைந்த வெர்னியர் காலிப்பர் எதை வாங்கலாம்?

ஆயிரம் ரூபாய்க்குள் வேண்டும், வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் எடுப்பேன், டிஜிட்டலா சாதாரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: பேட்டரி இல்லாத ஆறு இஞ்ச் ஸ்டீல் வெர்னியர் (பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே கவ்வி, கோடுகளைப் பார்த்து அளவு படிக்கிற கருவி). சின்னக் கோடுகளைப் படிக்கக் கண் ஒத்துழைக்காது என்றால் மட்டும் டிஜிட்டல். இந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு காலிப்பரும் செலவாயின.

ஞாயிற்றுக்கிழமைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் எங்கள் வீட்டு பாத்ரூம் குழாயில் எல்போ (குழாய் திரும்புகிற மூலையில் போடும் இணைப்பு) விரிசல் விட்டுவிட்டது. இஞ்ச் டேப்பைக் குறுக்கே வைத்துக் குத்துமதிப்பாகப் பார்த்தேன். கடைக்குப் போய் “அரை இஞ்ச் எல்போ ஒண்ணு குடுங்கண்ணே” என்று வாங்கி வந்தேன். உள்ளே விட்டால் குழாய் லொடலொடவென்று ஆடுகிறது. திரும்பப் போனேன். கடைக்காரர் எல்போவைக் கையில் வாங்கியபடியே, “தம்பி, எந்த அரை இஞ்ச்?” என்றார்.

நியாயமான கேள்விதான். சுடுதண்ணீர் லைனுக்குப் போடுகிற சந்தன நிறத்து சிபிவிசி குழாயில் அரை இஞ்ச் என்றால் வெளிவிட்டம் 15.9 எம்எம். ஜிஐ குழாயிலும், பிளம்பிங்குக்குப் போடும் வெள்ளை யுபிவிசியிலும் அதே அரை இஞ்ச் 21.3 எம்எம். இதில் முக்கால் இஞ்ச் சிபிவிசி 22.2 எம்எம், அதாவது கண்ணுக்கு யுபிவிசி அரை இஞ்ச் மாதிரியே தெரியும். தோட்டத்துக்கு இழுக்கிற பிவிசி குழாயோ இன்னொரு கணக்கு. 63 எம்எம், 75 எம்எம் என்று வெளிவிட்டத்தையே மேலே அச்சடித்திருப்பார்கள். இதையெல்லாம் டேப்பை வைத்துப் பிரிக்க முடியாது. காலிப்பரில் ஒரு தடவை கவ்விப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அன்று ராத்திரியே ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் டிஜிட்டல் காலிப்பர் வாங்கினேன். குழாய்க்கு அது தாராளமாகப் போதும், 0.1 எம்எம் வரை காட்டும். சிக்கல் என்னவென்றால் மூன்று மாதம் கழித்து டிராயரிலிருந்து எடுத்தபோது திரையில் ஒன்றுமே இல்லை. எல்ஆர்44 பட்டன் செல் தீர்ந்திருந்தது. ஆஃப் செய்துதான் வைத்திருந்தேன். மலிவான டிஜிட்டல் காலிப்பர் பலவற்றில் ஆஃப் பட்டன் திரையை மட்டும்தான் அணைக்கும்; உள்ளே இருக்கிற சர்க்யூட் தாடை எங்கே நிற்கிறது என்பதைக் கணக்கு வைத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். தினமும் எடுக்கிறவருக்கு இது பொருட்டே இல்லை. வருஷத்தில் நாலு தடவை எடுக்கிற நமக்குத்தான், எடுக்கிற நாளெல்லாம் பேட்டரி செத்துக் கிடக்கும். டிஜிட்டல்தான் வாங்குவேன் என்றால் வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றிப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். அடுத்த செல் வாங்கும்போது எஸ்ஆர்44 கேளுங்கள். அதே அளவுதான், சில்வர் ஆக்சைடு, வோல்டேஜ் கடைசிவரை இறங்காமல் நிற்கும். எண்கள் கண் சிமிட்ட ஆரம்பித்தால் செல் போகப்போகிறது என்று அர்த்தம்.

இரண்டாவதாக வாங்கியதுதான் சாதாரண ஸ்டீல் வெர்னியர், 150 எம்எம். பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கிற தெருக்களில் ஹார்டுவேர் கடைக்குப் பஞ்சமில்லை, கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெரு லேத் பட்டறைக்காரர். தாடையை மூடி, டியூப்லைட்டுக்கு நேரே என் கண்ணருகில் பிடித்தார். “வெளிச்சம் தெரியுதாண்ணே?” நுனியில் முடி அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. “அப்ப இது வேணாம், அடுத்ததை எடுங்க.” அதிலும் தெரிந்தது. மூன்றாவதில் தெரியவில்லை. மூடிய நிலையில், நிலையான அளவுகோலிலும் நகரும் அளவுகோலிலும் இருக்கிற இரண்டு பூஜ்யமும் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சுழிப்பிழை என்று படித்தோமே, அதுதான். அப்புறம் சட்டைப்பையில் பத்து ரூபாய் நாணயம் இருந்தால் கவ்விப் பாருங்கள், 27 எம்எம் காட்ட வேண்டும். தேய்ந்த காசு ஒரு பொட்டு குறைத்துக் காட்டினால் பரவாயில்லை.

0.01, 0.02 என்று பெட்டியில் போட்டிருப்பதில் மயங்காதீர்கள். அது எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பதுதான், எவ்வளவு சரியாகக் காட்டும் என்பது வேறு. அளவுக் கருவிகளுக்கு உலகம் முழுக்க வைத்திருக்கிற தர வெப்பநிலை 20 டிகிரி. மதுரையில் அது மார்கழி விடியற்காலையில் கிடைத்தால் உண்டு. 40 டிகிரியில் 150 எம்எம் ஸ்டீல் சுமார் 0.035 எம்எம் நீண்டிருக்கும். குழாய்க்கும் டிரில் பிட்டுக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. மோட்டார் காயில் கம்பிக்கு மட்டும் காலிப்பரை நம்பாதீர்கள்: 23 கேஜுக்கும் 24 கேஜுக்கும் (கம்பித் தடிமனைச் சொல்லும் எண்) வித்தியாசமே 0.05 எம்எம்தான். அதை ரீவைண்டிங் கடைக்காரர் திருகு அளவியில் பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில் இது எதற்கு உதவும் என்றால், போன மாதம் எங்கள் ஹால் ஃபேன் கரகரத்தது. கழற்றினால் பேரிங்கில் நம்பர் அழிந்துபோயிருந்தது. மேல் தாடையை உள்ளே விட்டால் 15, வெளியே கவ்வினால் 35, தடிமன் 11. கடையில் மூன்று எண்ணையும் சொன்னதும் “6202” என்று எடுத்து வைத்துவிட்டார்கள்.

போல்ட்டில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். எட்டு எம்எம் போல்ட்டும் 5/16 இஞ்ச் போல்ட்டும் (7.94 எம்எம்) கவ்விப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். பத்து மரையின் நீளத்தை அளந்தால் முதலாவது 12.5, இரண்டாவது 14.1 வரும்.

ஸ்டீல் என்பதால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து, தாடையை இறுக மூடாமல் சற்றே திறந்து வையுங்கள். அந்தப் பிளாஸ்டிக் டிஜிட்டல் இப்போது என் மகளிடம். பென்சிலிலிருந்து பல்லி முட்டை வரை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். செல் வாங்கித் தருவது மட்டும் என் பொறுப்பு.