போரைப் பார்த்தவர்களுக்குப் பேய்ப்படம் பயமாக இருக்குமா? உங்களுக்குப் பிடித்த பேய்ப்படம் எது?

இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் நாலு படத்தின் பெயரை எழுதிவிட்டுப் போயிருப்பேன். முதல் கேள்விதான் என்னை உட்கார வைத்துவிட்டது. இதைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள் இல்லை. சென்னையில் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் இருந்த அக்கா, நான் இலங்கை என்றதும் இதே கேள்வியைத்தான் கேட்டார். நீங்களும் தமிழ்நாட்டில் இருப்பவர், என்னைவிட வயதில் சின்னவர் என்று நினைக்கிறேன். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பதும் தெரிகிறது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

பயமாக இருக்கும். நன்றாகவே பயமாக இருக்கும்.

நான் திருகோணமலை, பாலையூற்றுப் பக்கம். 1996இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம் மழை பொய்த்து, நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் வெட்டினார்கள். கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சித்தப்பா டவுனில் இருந்து கசெட் போட்டுப் பார்க்கும் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வருவார். இரவில் சனம் நடமாட முடியாது என்பதால் படம் ஓடுவது பகலில்தான், ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு. அப்படி ஒரு நாள் வந்ததுதான் 1990இல் வெளியான ‘13-ம் நம்பர் வீடு’. அயலில் உள்ள அத்தனை பேரும் எங்கள் வீட்டு ஹோலில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

இங்கே ஒன்றை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்களைப் பயந்தால் வாயை மூடச் சொல்லி வளர்த்தார்கள். இரவில் நாய் விடாமல் குரைத்தால் அம்மா லாம்பைக் குறைப்பார், ஒழுங்கையில், உங்கள் பேச்சில் சந்தில், வாகனம் நின்றால் "சத்தம் போடாத பிள்ளை" என்று காதுக்குள் சொல்வார், அது போகும்வரை வீட்டில் ஒருவரும் அசைய மாட்டோம். அன்று படத்தில் பேய் வந்ததும் நான் வீறிட்டுக் கத்திவிட்டு, பழக்கத்தில் உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் பெரியவர்களும் கத்துகிறார்கள். அம்மம்மா "முருகா முருகா" என்கிறார், பக்கத்து வீட்டு மாமி என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், யாரும் யாரையும் அதட்டவில்லை. பயந்தால் கத்தலாம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அன்றிலிருந்து நான் பேய்ப்படப் பைத்தியம்.

ஆனால் அந்தப் படத்தின் முடிவை அன்று நாங்கள் பார்க்கவில்லை. கடைசிக் கட்டத்தில் படம் வெட்டுப்பட்டு, யாரோ ஒரு பொம்பிளைக்கு மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். வாடகைக் கசெட்டில் கல்யாண வீடியோவைப் பதிந்து வைத்திருக்கிறார்கள்! எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், கடையும் இப்போது இல்லை, ஆனால் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவ்வளவு சனம் காசு சேர்த்து எடுத்த கசெட். ஒரு கிழமையாக நித்திரை வராமல் முடிவை நானே யோசித்து யோசித்துப் பார்த்தேன். எத்தனையோ வருடம் கழித்து யூடியூபில் முழுதாகப் பார்த்தபோது, இருட்டில் படுத்துக்கொண்டு நான் யோசித்த முடிவுகள்தான் அதைவிடப் பயங்கரமாக இருந்தன. அதனால்தானோ என்னவோ, எல்லாவற்றையும் காட்டிவிடும் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, என்னை உண்மையில் ஆட்டிய படம் ஜப்பானின் ‘ரிங்’. ஹிடியோ நகாட்டா எடுத்து 1998இல் வந்தது. சமாதான காலத்தில், 2003 அளவில், தம்பி யாரிடமோ சீடி வாங்கி வந்தான். ஒரு வீடியோ கசெட்டைப் பார்த்தவர்கள் ஏழாம் நாள் செத்துப்போகிறார்கள், அந்தச் சாபம் ஒரு கிணற்றில் இருந்து வருகிறது. யோசித்துப் பாருங்கள், கசெட்டும் கிணறும்! எங்கள் வீட்டில் பேய் குடியிருக்க வேறு இடமே தேவையில்லை. படத்தில் ரத்தம் ஆறாக ஓடாது, அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட முடி மறைத்திருக்கும். அவள் கிணற்றில் இருந்து ஏறி நடந்து வரும் நடை ஏன் அப்படி இருக்கிறது என்று பிறகுதான் வாசித்தேன். நடிகையைப் பின்பக்கமாக நடக்க வைத்துப் படம் பிடித்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். மனித நடைதான், ஆனால் ஏதோ சரியில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. 2002இல் வந்த அமெரிக்கப் படத்தையும் பார்த்தேன், குறை சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு ஜப்பான் படம்தான்.

அன்றிரவு கிணற்றடிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். 1990இல் மறுபடி சண்டை தொடங்கியபோது என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு காட்டுப் பாதையால் நடந்த அம்மா. அந்த வழியில் அவர் ஒரு சொட்டு அழுததையோ நடுங்கியதையோ நான் பார்த்ததில்லை. அவர் டோர்ச்சைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றார். "தம்பியையும் எழுப்பு பிள்ளை, மூண்டு பேரும் போவம்" என்றார். மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வந்தோம். இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கரண்டே இல்லாமல் இருந்தவர்கள், "நீங்கள் அப்போது டெக்கில் படம் பார்த்தீர்களா" என்று கேட்க வருவீர்கள். உங்கள் கஷ்டம் பெரியது, நான் மறுக்கவில்லை. நான் எழுதுவது என் வீட்டைப் பற்றி மட்டும்.

தமிழ்ப் பேய்ப்படங்களில் எனக்கு முதலிடம் ‘யாவரும் நலம்’, 2009. லிஃப்ட் எல்லாருக்கும் வேலை செய்யும், மாதவனுக்கு மட்டும் செய்யாது. வீட்டுப் பெண்கள் பார்க்கும் சீரியலில் அவர்கள் வீட்டில் நடப்பதே ஓடும். சீரியல் ஓடாத வீடு எங்கள் ஒழுங்கையில் கிடையாது, ஆகவே எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பேயும் சிரிப்பும் கலந்து வருகிற படங்கள் எனக்கு ஒத்துவராது. லாரன்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், ‘காஞ்சனா’வில் சரத்குமார் வரும் பகுதியை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் சிரித்து முடித்த கையோடு என்னைப் பயப்படச் சொன்னால் என்னால் முடியாது. திடீரென்று காதைப் பிளக்கும் சத்தம் போட்டுத் திடுக்கிட வைப்பதும் அப்படித்தான். அது பயம் இல்லை, அதிர்ச்சி. வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். 1960இல் வந்த ‘சைக்கோ’வின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தாராம். பெர்னார்ட் ஹெர்மன் நரம்பு வாத்தியங்களை மட்டும் வைத்துச் செய்த இசையைக் கேட்ட பிறகுதான் மனம் மாறினார். அந்த அளவு யோசனை இருந்தால் எவ்வளவு சத்தம் என்றாலும் கேட்பேன்.

கிணறு என்றதும் ஞாபகம் வருகிறது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் நல்ல ஊற்றுள்ள கிணறுகளைக் குப்பை போட்டு மூடுகிறார்கள். ஊர்ப் பெயரிலேயே ஊற்று இருக்கிறது, கிணற்றுக்குள் பம்பர்ஸும் பொலித்தீனும் கிடக்கின்றன. சொன்னால் "உனக்கென்ன" என்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் வேறு எங்கே சொல்வது. எங்கள் கிணறு இன்னும் இருக்கிறது, இன்னும் அதில்தான் குளிக்கிறோம்.

போன மாதம் ‘பூதகாலம்’ போட்டேன், 2022இல் வந்த மலையாளப் படம். ரேவதி தாய், ஷேன் நிகம் மகன். பேய் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் தாயும் மகனும் ஒருவரையொருவர் நம்ப முடியாமல் தவிப்பதுதான் படத்தின் பெரும்பகுதி. அம்மாவுக்கு மலையாளம் தெரியாது. பாதியில் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்ப் பின்கதவைப் பூட்டி, கிணற்றடி லைட்டையும் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நெருங்கி இருந்தார்.