குளக்கட்டிலும் வாய்க்கால் கட்டிலும் பற்றரி சைக்கிள் ஓடும்போது மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் எப்படி ஓடுவது?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. நீங்கள் ஐந்து பேர். இரண்டு பேரிடம் பற்றரி சைக்கிள், மூன்று பேரிடம் சாதாரண மலைச் சைக்கிள். சனிக்கிழமைகளில் மட்டக்களப்பிலிருந்து உன்னிச்சைக் குளம் வரைக்கும், அங்குள்ள மண் பாதைகளிலும் ஓட நினைக்கிறீர்கள். வெளிநாட்டு வீடியோக்களில் "மேலே ஏறுகிறவருக்கு வழி விடு" என்கிறார்கள், மலை இல்லாத நம் பக்கத்தில் என்ன ஒழுங்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மூன்று வருடமாக வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பற்றரி சைக்கிள் ஓடுகிறேன். வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சை என்று போகும் வீதியும், அதிலிருந்து வட்டைகளுக்குள், அதாவது வயல்வெளிகளுக்குள், பிரியும் கிறவல் பாதைகளும் எனக்கு நல்ல பழக்கம். ஒழுங்கு என்று எனக்குத் தெரிந்ததில் பாதியை ஒரு பால்கார ஐயாவிடமிருந்துதான் படித்தேன். அதை முதலில் சொல்கிறேன்.

சைக்கிள் வாங்கிய முதல் வருடம். காலை ஆறரை இருக்கும். வாய்க்கால் கட்டில் அந்த ஐயா தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். கரியரின் இரண்டு பக்கமும் பால் கான். மாட்டுப் பட்டியில் கறந்த பாலைக் கொடுக்கப் போகிறார். லேண்ட்மாஸ்டர் என்கிற கை உழவு மெஷின் ஒன்று போகிற அளவு பாதை. நான் பின்னால் வந்தேன், மணி அடிக்கவில்லை. இடம் இருக்கிறதே, ஒதுங்கிப் போய்விடலாம் என்று நினைத்தேன். என் முன்சில்லு அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் அவர் என்னைக் கண்டார். திடுக்கிட்டு ஹாண்டிலை வெட்டினார். ஒரு பக்கத்துக் கான் சரிந்து மூடி கழன்றது. பால் கிறவலில் ஊற்றி, செம்மண்ணில் கொஞ்சத் தூரம் வெள்ளையாக ஓடி, பிறகு அப்படியே உறிஞ்சிப் போனது.

அவர் ஏசவில்லை. முதலில் கானை நிமிர்த்தினார், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார். "மகன், மோட்டச்சைக்கிள் எண்டா சத்தம் கேக்கும், ஒதுங்கிருவன். மிதிக்கிற சைக்கிள் எண்டா இவ்வளவு கெதியா வராது. இது ரெண்டும் இல்லையே, நான் எதைக் கேட்டு ஒதுங்குற?"

பாலுக்குக் காசு கொடுத்தேன். ஊற்றிய பாலின் விலைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

கட்டில் நடக்கிறவர்கள் பின்னால் வருவதைக் காதால்தான் அளக்கிறார்கள். இன்ன சத்தத்துக்கு இவ்வளவு நேரம் இருக்கிறது என்று வருடக்கணக்காகப் பழகிய கணக்கு அது. பற்றரி சைக்கிள் அந்தக் கணக்கைப் பிழையாக்குகிறது. அதனால் நாம் வருவதை அவர்களுக்குச் சொல்வது நம் வேலை. முப்பது நாற்பது மீற்றர் இருக்கும்போதே ஒரு தரம் மணி. கிட்ட வந்தால் மணியை விட்டுவிட்டு வாயால் சொல்லுங்கள்: "ஐயா, பின்னால வாறன்", "அக்கா, வலப்பக்கமாப் போறன்". கிட்ட வைத்து மணி அடித்தால் அது ஏசுவது மாதிரிக் கேட்கும். அவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிய பிறகு, நடக்கிற வேகத்தில் கடந்து போங்கள். முன்னால் போகிறவர் பின்னால் எத்தனை பேர் என்பதையும் சொல்ல வேண்டும். "இன்னும் நாலு பேர் வாறாங்க" என்று சொல்லாவிட்டால், முதல் சைக்கிள் போனதும் அவர் நடுப் பாதைக்கு வந்துவிடுவார். இரண்டாவது ஆள் வந்து இடிப்பான்.

இனி அந்த "மேலே ஏறுகிறவருக்கு வழி" என்ற விஷயம். சர்வதேச மலைச் சைக்கிள் சங்கத்தின் பாதை விதிகளில் இருப்பது அது. நடப்பவருக்கும் குதிரையில் போகிறவருக்கும் சைக்கிள்காரர் வழி விட வேண்டும், இறங்கி வருகிறவர் ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும். அதன் காரணத்தைப் பாருங்கள். ஏற்றத்தில் மிதித்துக்கொண்டு வருகிறவன் ஒருமுறை கால் ஊன்றிவிட்டால், அந்தச் சரிவில் திரும்ப ஏறி மிதித்து எடுப்பது பெரிய பாடு. இறங்குகிறவனுக்கு நிற்பதும் திரும்பப் புறப்படுவதும் இலேசு. ஆக, நின்று புறப்பட யாருக்குக் கஷ்டமோ அவருக்குத்தான் வழி. மோட்டார் உள்ளவனுக்கு அந்தக் கஷ்டம் எங்கே இருக்கிறது? ஒரு மிதி மிதித்தால் வண்டி எழும்பிவிடும். பற்றரி சைக்கிள்காரன் ஏற்றத்தில் வந்தாலும் இறக்கத்தில் வந்தாலும் தானே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. விதிப் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை, விதியின் காரணமே அதைச் சொல்கிறது.

இதை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தால் மலை தேவையில்லை. எதிரே ஒருவர் இரண்டு உர மூடையைக் கட்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறாரா, விறகுக் கட்டோடு வருகிறாரா, கான்களோடு வருகிறாரா, அவர்தான் ஏற்றம் ஏறுகிறவர். நீங்கள் கட்டின் ஓரத்தில் நின்று கால் ஊன்றுங்கள். அப்புறம் காற்று. நம் ஊரின் மலை, மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுதான். ஆனி, ஆடியில் டவுனிலிருந்து மேற்கே மிதித்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வட்டை வெளியில் மறைப்பு ஒன்றும் இல்லை, சூட்டோடு நெஞ்சில் அடிக்கும், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். அந்தக் காற்றுக்கு எதிரே வருகிற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை நிறுத்திவிட்டு, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மோட்டாரோடு வருகிற நீங்கள் போவது சரியில்லை.

உங்கள் கூட்டத்துக்குள்ளும் இதே கதைதான். பற்றரி சைக்கிள் உள்ள இரண்டு பேரும் பின்னால் வாருங்கள். முன்னால் போனால் உங்களுக்கே தெரியாமல் வேகம் கூடும், மற்ற மூன்று பேரும் கச்சானில் மூச்சு வாங்கிக்கொண்டு துரத்துவார்கள். பின்னால் வரும்போதும் அவர்களுடைய பின்சில்லை ஒட்டி வராதீர்கள். கஷ்டப்பட்டு மிதிக்கிறவனுக்கு முதுகுக்குப் பின்னால் மோட்டார் இரைவது மனதுக்கு நல்லாய் இருக்காது.

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று கான் சரிந்ததில் அதற்கும் பங்கு இருந்தது. ஐரோப்பாவில் பற்றரி சைக்கிள் என்றால் 250 வாட் மோட்டார், மிதித்தால்தான் உதவும், 25 கிலோமீற்றர் வேகத்தில் உதவி நின்றுவிடும். அமெரிக்காவில் மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். முதல் வகுப்பு மிதித்தால் மட்டும் உதவும், 32 கிலோமீற்றரில் நிற்கும். இரண்டாவதில் மிதிக்காமலே ஓட அக்சிலேட்டர் இருக்கும். மூன்றாவது 45 வரை உதவும். மலைப் பாதைகளில் பல இடங்களில் முதல் வகுப்பை மட்டும்தான் விடுகிறார்கள். உங்கள் வண்டியில் கை அக்சிலேட்டர் இருந்தால், கட்டில் அதைத் தொடாதீர்கள். மிதித்து ஓடுங்கள், ஆகக் குறைந்த உதவியில் வைத்து ஓடுங்கள்.

இன்னொன்று சென்சர். என் பழைய வண்டிக்கு மிதி சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிற சென்சர். அந்த வகையில் நீங்கள் மிதியை நிறுத்திய பிறகும் மோட்டார் ஒரு கணம் தள்ளிவிட்டுத்தான் ஓயும். வெளி வீதியில் அந்த ஒரு கணம் பெரிய விஷயமில்லை. ஆளுக்குப் பக்கத்தில் ஒரு கணத்தில் ஒரு மீற்றர் போய்விடும். மிதிக்கும் பலத்தை அளக்கிற சென்சர் உள்ளவை காலோடு சேர்ந்து ஓயும். உங்களுடையது எது என்று வீட்டு முற்றத்தில் ஓடிப் பாருங்கள். பிரேக் பிடித்த உடனே மோட்டார் வெட்டுகிறதா என்றும் பாருங்கள். வெட்டாவிட்டால், ஆட்களைக் கண்டதும் மோட்டாரை நிறுத்திவிட்டு மிதியுங்கள். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், பாரம்தான், ஆனாலும் மிதிக்கலாம்.

மாடு. காலையிலும் பின்னேரத்திலும் பட்டி கட்டைக் கடக்கும். அப்போது மணியும் வேண்டாம், சத்தமும் வேண்டாம். ஓரமாக நின்று மோட்டாரை நிறுத்துங்கள், மேய்க்கிறவர் சொல்லும்வரை நில்லுங்கள். ஒருமுறை ஒரு அண்ணன் சொன்னார்: "கொஞ்சம் நில்லுங்க தம்பி, கண்டு போகட்டும், மறுகா போகலாம்." கன்றுக்கும் தாய்ப்பசுவுக்கும் நடுவில் சைக்கிளை விட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பட்டி நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டித் தப்பப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து மெதுவாக நடந்தால் அது குரைத்துவிட்டு விடும்.

வாய்க்காலில் குளிக்கிற இடங்கள் உண்டு. தூரத்திலேயே மணி அடியுங்கள், பார்வையைப் பாதையில் வையுங்கள், நிற்காமல் போங்கள். ஹெல்மட்டில் கமரா பூட்டியிருந்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். யாருடைய அக்கா தங்கச்சியாவது உங்கள் வீடியோவில் வந்துவிட்டால், பிறகு எந்தச் சைக்கிள்காரனையும் அந்தக் கட்டால் போக விட மாட்டார்கள். அவர்கள் விடாமல் இருப்பதும் நியாயம்தான்.

வெட்டுக்காலத்தில் வீதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள். பாதி வீதி நெல், பாதி வீதி நமக்கு. நெல்லின் மேல் சில்லு ஏறக் கூடாது. இடம் போதாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள்.

மழைக்குப் பிறகு கட்டுக்குப் போகாதீர்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரைக்கும் நமக்கு வாடை மழை. மண் ஊறிக் கிடக்கும்போது பாரமான வண்டி போனால் சில்லுத் தடம் ஆழமாக விழும், மோட்டாரின் இழுவையில் பின்சில்லு சுழன்று மண்ணைக் கிளறும். அடுத்த மழையில் தண்ணி அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும், ஓடி அதை வாய்க்கால் ஆக்கும். குளக்கட்டின் சரிவில் ஏறி இறங்கி விளையாடுவது இதிலும் மோசம். சரிவில் உள்ள புல்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. உன்னிச்சைக் குளம் எத்தனையோ வட்டைக்குத் தண்ணி கொடுக்கிறது, மட்டக்களப்பில் குழாயைத் திறந்தால் வருவதும் அந்தக் குளத்துத் தண்ணிதான். 2011 தை மாத வெள்ளத்தைக் கண்ட எந்த வேளாண்மைக்காரரும், கட்டுச் சரிவில் ஒருவன் சைக்கிள் விட்டு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். ஏறுவதற்கு லேண்ட்மாஸ்டர் ஏறுகிற பாதை இருக்கிறது, அதாலேயே ஏறுங்கள். வயல் வரம்பில் எந்தக் காலத்திலும் ஓட வேண்டாம். தண்ணி போக வக்கடை என்று வரம்பில் வாய் வெட்டியிருக்கும், அது உடைந்தால் ஒருவருடைய தண்ணி இன்னொருவருடைய வயலுக்குப் போய்விடும்.

யானை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் முழுக்க யானை வருகிற இடம். மோட்டார் சைக்கிள் சத்தத்தை யானை தூரத்திலேயே கேட்டு விலகவோ நிற்கவோ நேரம் இருக்கும். நாம் சத்தமில்லாமல் வளைவு திரும்பி அதன் முன்னால் போய் நிற்போம், பால்கார ஐயா திடுக்கிட்ட மாதிரியே அதுவும் திடுக்கிடும். காலையில் புறப்படும்போது வட்டையில் நிற்கிறவர்களிடம் "இரவு வந்ததா?" என்று கேளுங்கள். பாதையில் ஈரமான லத்தியைக் கண்டால் அதோடு திரும்புங்கள். பின்னேரம் நாலு மணிக்குள் பெரிய வீதிக்கு வந்துவிடுங்கள்.

ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்கும், கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்கும் நடந்து போகிறவர்கள் வீதியோரம் வரிசையாகப் போவார்கள். வெறுங்கால், தலையில் மூட்டை, வயது போனவர்களும் இருப்பார்கள். அந்த நாட்களில் அவர்கள் போகும் வீதியில் ஓட வேண்டி வந்தால், நடக்கிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள்.

சார்ஜ் குறைந்தால் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம், ஒருவரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கேட்காமல் பிளக்கில் குத்தாதீர்கள். 500 வாட்-அவர் பற்றரி வெறுமையிலிருந்து நிரம்ப அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடப் போகும். பெரிய காசில்லை, ஆனால் கரண்ட் பில் கட்டுகிறவர் அவர். வழியில் ஒரு கடையில் எனக்கு எப்போதும் சார்ஜ் போடத் தருகிற ஒரு அம்மா இருக்கிறார். காசு நீட்டினால் கோபப்படுவார். அதனால் எங்கள் கூட்டத்துக்குக் காலைச் சாப்பாடு எப்போதும் அங்கேதான், ரொட்டியும் கட்டச் சம்பலும். ஏழு மணிக்கு முன் போனால் ரொட்டி சுடச்சுடக் கிடைக்கும்.